சீ.ஆர். கொப்பியிலிருந்து கணினிக்கு: கல்லடிப் பல் கிளினிக்கில் நாங்கள் செய்த வேலை

அக்காவின் பல் கிளினிக் மட்டக்களப்பில், கல்லடியில், பாலம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் இருக்கிறது. ஒரே ஒரு பல் கதிரை, ஒரு கவுண்டர், வெளியே இரண்டு வாங்கு. கிழமை நாட்களில் மாலை 4 மணியிலிருந்து 8 மணி வரை, ஞாயிறு என்றால் காலையிலும். கவுண்டரில் மாமி. பதினான்கு வருடமாக அவர்தான் அங்கே இருக்கிறார். நோயாளர் விபரம் எல்லாம் சீ.ஆர். கொப்பிகள் என்கிற தடித்த பதிவுக் கொப்பிகளில். கடல் காற்றுக்குத் தாளெல்லாம் ஈரம் ஏறிப் பொங்கிக் கிடக்கும். ஆனாலும் மாமி ஒரு நிமிடத்துக்குள் பக்கத்தைப் பிரித்துவிடுவார்.

அதனால் கணினி வேண்டும் என்று யாருமே நினைக்கவில்லை. நினைக்க வைத்தது ஒரு பல்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு பெண் வேர்ச்சிகிச்சைக்கு வந்திருந்தார். 46 ஆம் பல், அதாவது கீழ்த்தாடையில் வலது பக்கத்து முதல் கொடுப்புப் பல். அக்கா நரம்பை எடுத்து, மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்து, ஒரு கிழமையில் வரச் சொல்லி அனுப்பினார். அந்தக் கிழமை அவருடைய வீட்டில் ஒரு சாவு. நோவும் நின்றுவிட்டது, பல் மறந்துபோனது. ஏழு மாதம் கழித்து வந்தபோது தற்காலிக அடைப்பு தேய்ந்து, பல் முரசுக்குக் கீழே வரை பிளந்திருந்தது. பிடுங்குவதைத் தவிர வழியில்லை. அன்று இரவு கிளினிக்கைப் பூட்டும்போது அக்கா சொன்னார்: "ஒரு போன் எடுத்திருந்தா அந்தப் பல்லு நின்றிருக்கும்டா."

கொப்பியில் அவர் பெயர் இருந்தது. வந்த திகதியும் செய்த வேலையும் இருந்தன. வராமல் போனதைச் சொல்லத்தான் கொப்பிக்கு வாய் இல்லை. வந்தவர்களைப் பற்றித்தான் கொப்பி பேசும். எனக்குக் கணினி வேலை என்பதால் இதை நான் பார்க்கிறேன் என்று பொறுப்பெடுத்தேன். அது தை மாதம்.

முதலில் மென்பொருளைத் தொடவில்லை. ஒரு கிழமை கவுண்டருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு வந்தார், எப்போது உள்ளே போனார், எப்போது வெளியே வந்தார் என்று மட்டும் எழுதினேன். இதைச் செய்யாமல் யாரும் மென்பொருள் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். எல்லோருக்கும் "நாலு மணிக்கு வாங்க" என்றுதான் சொல்லப்பட்டிருந்தது. நாலு மணிக்குப் பதினைந்து பேர் வாங்கில் இருந்தார்கள். ஆறரைக்குப் பிறகு வாங்கு வெறுமை. நாள் முழுக்கக் கூட்டம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் முதல் இரண்டு மணித்தியாலத்துக் கூட்டம்தான்.

இன்னொன்றும் தெரிந்தது. கீழ்த்தாடையில் விறைப்பூசி போட்டால் விறைப்பு ஏற ஐந்து பத்து நிமிடம் பிடிக்கும். அந்த நேரம் நோயாளி கதிரையிலேயே இருப்பார், அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். ஒரு மாலையில் இப்படி ஆறு ஏழு தடவை.

அப்புறம்தான் மென்பொருள் தேடினேன். ஓப்பன் டென்டல் என்பதை இறக்கிப் பார்த்தேன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உருவானது, விண்டோஸில் ஓடும், பின்னால் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம். மிக விரிவான வேலை. ஆனால் அதில் பாதி அமெரிக்கக் காப்புறுதிக்கானது. அங்கே ஒவ்வொரு சிகிச்சைக்கும் டி என்ற எழுத்தில் தொடங்கும் குறியீடு உண்டு. சாதாரணமாகப் பல் பிடுங்குவதற்கு டி7140. காப்புறுதி நிறுவனத்துக்குக் கணக்கு அனுப்ப அது வேண்டும். எங்கள் வாங்கில் இருப்பவர்கள் கையில் காசு கொண்டு வருகிறவர்கள். மாதக் கட்டணம் டொலரில் என்பதும் எங்களுக்குத் தோதுப்படவில்லை. கடைசியில் கொழும்பில் ஒரு சிறு குழு எழுதிய மென்பொருளை வாங்கினோம். நேர அட்டவணை, பல் வரைபடம், சிட்டை, எஸ்.எம்.எஸ். நான்கும் இருந்தன. அதற்குப் பின்னாலும் மைஎஸ்க்யூஎல்தான்.

ஆனால் ஓப்பன் டென்டலில் பார்த்த ஒரு விஷயத்தை விட மனமில்லை. அதில் ஒரு சந்திப்பின் நேரத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, வைத்தியரின் கை தேவைப்படும் கட்டத்துக்கு எக்ஸ், தேவைப்படாத கட்டத்துக்குச் சாய்கோடு போடலாம். எங்களுக்குத் தேவையானது அதுதான். புது மென்பொருளில் அந்த வசதி இல்லை. ஆனால் ஒரே கதிரைக்கு இரண்டு நிரல்கள் வைக்க விட்டது. முதல் நிரல் 'கதிரை', இரண்டாவது 'இடைவெளி'. பல் பிடுங்கலுக்கு 30 நிமிடம். அதில் முதல் 10 ஊசி, நடு 10 காத்திருப்பு, கடைசி 10 வேலை. நடுப் பத்து நிமிடத்தில் ஊசி போட்டவர் வெளியே வந்து மாமியின் கண் பார்வையில் வாங்கில் இருப்பார். அந்த நேரம் 'இடைவெளி' நிரலில் உள்ளவர் உள்ளே போவார். தையல் வெட்ட வந்தவர், காயம் காட்ட வந்தவர், செட்டுப் பல் உறுத்துகிறது என்று வந்தவர். மயக்கம் வரக்கூடியவர்கள், வயதானவர்கள், சிறு பிள்ளைகள் என்றால் இந்த முறை வேண்டாம், கதிரையிலேயே இருக்கட்டும் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பல் வரைபடத்தைத் திறந்ததும் முதலில் பார்த்தது இலக்க முறையைத்தான். அமெரிக்க முறையில் பற்களுக்கு 1 முதல் 32 வரை தொடர் இலக்கம். நாங்கள் எழுதுவது எஃப்.டி.ஐ. முறை. முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்பதைச் சொல்லும், இரண்டாவது நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பதைச் சொல்லும். எங்கள் 46 அவர்களுக்கு 30. இதைக் கண்டால் பிழை என்று தெரியும், ஏனென்றால் எங்கள் முறையில் 30 என்று பல்லே இல்லை. ஆபத்து 14 இல் இருக்கிறது. எங்களுக்கு 14 மேல்தாடையில் வலது பக்கத்து முதல் முன்கடைவாய்ப் பல். அமெரிக்க முறையில் 14 மேல்தாடையில் இடது பக்கத்துக் கொடுப்புப் பல். இரண்டு முறையிலும் 14 உண்டு, ஆனால் வாயின் இரண்டு பக்கம். மென்பொருள் தொடர் இலக்கத்தில்தான் வந்திருந்தது. மாற்றினோம். மாற்றிய பிறகு அக்கா கண்ணாடி முன் வாயைத் திறந்து, ஒவ்வொரு பல்லாகச் சொல்லச் சொல்ல நான் திரையில் அழுத்தி, 32 பற்களையும் சரிபார்த்தோம். பாற்பற்கள் 51 இலிருந்து 85 வரையுள்ளவற்றையும் பார்த்தோம். ஒரு மணித்தியாலம் போனது. போகத்தான் வேண்டும்.

மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை ஆட்கள் வயலில், கிளினிக்கில் ஆள் குறைவு. கொப்பிகளைக் கணினியில் ஏற்ற அந்த நேரத்தை எடுத்துக்கொண்டோம். எல்லாக் கொப்பியையும் அல்ல. கடந்த இரண்டு வருடத்தில் வந்தவர்களை மட்டும். மற்றவர்கள் எப்போது வருகிறார்களோ அப்போது.

மாமி வாசிக்க நான் எக்செலில் அடித்தேன். இந்த இடத்தில் மூன்று தடவை அடிபட்டேன், வரிசையாகச் சொல்கிறேன், இதே வேலையை யாராவது செய்தால் உதவும். முதலாவது, போன் நம்பரின் முன்னால் உள்ள பூச்சியத்தை எக்செல் தின்றுவிட்டது. 077 என்று அடித்தால் 77 என்று நின்றது. இரண்டாவது, 2016 இலிருந்து வரும் புது அடையாள அட்டைகளுக்கு 12 இலக்கம். அவ்வளவு நீளமான எண்ணை எக்செல் சுருக்கிக் காட்டும். அப்படியே, புது மென்பொருளில் ஏற்றுவதற்காக, சீ.எஸ்.வி. என்ற எளிய அட்டவணைக் கோப்பாகச் சேமித்தால் சுருக்கிக் காட்டியதுதான் கோப்பில் போகும், மிச்ச இலக்கங்கள் போயே போய்விடும். அடிக்கத் தொடங்குவதற்கு முன்பே அந்த நிரல்களை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட வேண்டும். மூன்றாவது, சாதாரண சீ.எஸ்.வி.யாகச் சேமித்ததும் தமிழ்ப் பெயர்கள் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறின. இருநூற்றுச் சொச்சம் பேர், ஒவ்வொருவரும் ஒரு வரிசைக் கேள்விக்குறி. மூலக் கோப்பை மூடாமல் வைத்திருந்ததால் தப்பினோம். சேமிக்கும்போது 'யூ.டி.எஃப்-8' என்று எழுதியிருக்கும் சீ.எஸ்.வி.யைத் தெரிந்தெடுக்க வேண்டும். பழைய விலைப்பட்டியல் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்தது. அதை யூனிகோடுக்கு மாற்றி ஒரு தடவை கண்ணால் வாசித்துத் திருத்தினோம்.

பிறந்த திகதி பாதிப் பேருக்கு இல்லை. ஆனால் அடையாள அட்டை இலக்கம் இருந்தது, அதற்குள்ளேயே பிறந்த நாள் இருக்கிறது. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டில் எத்தனையாவது நாள். பெண்கள் என்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். 78612 என்று தொடங்கினால் 1978 இல் பிறந்த பெண், 112 ஆவது நாள். நான் ஒரு சூத்திரம் எழுதி எல்லோருக்கும் ஒரே அடியில் திகதி போட்டேன். மாமி தன்னுடைய வரியைப் பார்த்துவிட்டு, "மகன், நான் இருபத்தோராம் திகதி. இதில இருபத்திரண்டு போட்டிருக்கே" என்றார்.

அட்டை பிழையா, மாமி பிழையா என்று பார்த்தால் பிழை என் சூத்திரத்தில். அடையாள அட்டையின் நாள் கணக்கு எல்லா ஆண்டுக்கும் 366 நாள் என்று வைத்துப் போட்டது. பெப்ரவரி 29 இல்லாத ஆண்டிலும் அந்த ஒரு நாள் எண்ணப்பட்டிருக்கும். அதனால் மார்ச் முதலாம் திகதியிலும் அதற்குப் பிறகும் பிறந்த எல்லோருக்கும், லீப் ஆண்டில் பிறந்தவர்களைத் தவிர, ஒரு நாள் கூடி வந்திருந்தது. 2000 என்ற லீப் ஆண்டை வைத்து நாளையும் மாதத்தையும் எடுத்து, பிறகு உண்மையான ஆண்டைச் சேர்த்தேன். சரியாக வந்தது.

பெயர்தான் பெரிய பாடு. ஒரே ஆளைக் கொப்பியில் மூன்று விதமாக எழுதியிருக்கும். அப்பாவின் பெயர் முன்னால் ஒரு தடவை, முதலெழுத்து மட்டும் ஒரு தடவை, ஆங்கிலத்தில் வேறு எழுத்துக்கூட்டல். காத்தான்குடியிலிருந்து வருகிறவர்களில் ஒரே பெயரில் நான்கு பேர். போன் நம்பரை வைத்துப் பிரிக்கலாம் என்றால் ஒரு குடும்பத்தில் ஐந்து பேருக்கு ஒரே நம்பர், சில வேளை அந்தப் போன் கட்டாரில் இருக்கிற மகனுடையது. கடைசியில் அடையாள அட்டை இலக்கம் முதல், அது இல்லாவிட்டால் ஊர், பிறகு குடும்பத்தில் ஒரு பொறுப்பாளர் என்று ஒழுங்கு வைத்தோம். சந்தேகமான இடங்களில் மாமியின் ஞாபகம்தான் தீர்ப்பு. "இவர் பேர் வாயில வருதில்ல, ஆனா ஆளத் தெரியும். ஆரையம்பதி, இடப்பக்கக் கொடுப்புப் பல்லு அடைச்சது" என்பார். வரைபடத்தைப் பார்த்தால் அப்படியே இருக்கும்.

மாமியிடமிருந்து இன்னொன்றையும் எடுத்தோம். கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கத்து ஆட்களை அவர் எப்போதும் முதலில் விட்டுவிடுவார். வாங்கில் இருக்கிற மற்றவர்களுக்குச் சில வேளை கோபம் வரும். ஏன் என்று கேட்டபோதுதான் சொன்னார், கடைசி பஸ் போய்விட்டால் அவர்களுக்கு ஓட்டோதான், பல்லுக்குக் கொடுத்த காசு அளவு ஓட்டோவுக்கும் போகும் என்று. மென்பொருளில் 'குறிப்பு' என்று ஒரு வெற்றுப் பெட்டி இருந்தது. அதை 'கடைசி பஸ்' என்று மாற்றினோம். அந்தப் பெட்டியில் நேரம் இருந்தால் அட்டவணையில் பெயருக்கு மஞ்சள் நிறம். அவர்களுக்கு 4 மணிக்கும் 5 மணிக்கும் இடையில்தான் நேரம் கொடுப்போம். டவுனில் இருப்பவர்கள் ஆறரைக்கு மேல். நாலு மணிக் கூட்டம் பாதியானதற்கு இதுதான் முதல் காரணம். நோன்பு மாதத்தில் காத்தான்குடி, ஏறாவூர் ஆட்களுக்கு நோன்பு திறந்த பிறகுள்ள நேரங்களை ஒதுக்கி வைப்பதும் இப்போது அட்டவணையிலேயே இருக்கிறது.

சாமான் பக்கம் சுருக்கமாக. கவுண்டர்க் கணினியில்தான் தரவுத்தளம், பல் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு மடிக்கணினி. முதலில் வைஃபை. நடுச் சுவர் கொங்கிரீட், அடிக்கடி தொடர்பு அறுந்து, அக்கா அடித்த குறிப்பு சேமிக்கப்படாமல் போனது. கேபிள் இழுத்தோம், அந்தப் பிரச்சினை முடிந்தது. அடுத்தது யூ.பி.எஸ். கரண்ட் இருக்கும்போதே மாலையில் நாலைந்து தடவை டக் டக் என்று பற்றரிக்கு மாறியது. பழுது என்று மாற்றப் போனேன். பிறகு கவனித்தால், பல் கருவிகளுக்குக் காற்றுக் கொடுக்கும் காற்று அமுக்கி ஓடத் தொடங்கும் நொடியில்தான் அந்தச் சத்தம். மோட்டார் தொடங்கும்போது இழுக்கிற கரண்டில் அதே வயரில் உள்ள அழுத்தம் இறங்குகிறது. மின்வேலை செய்பவரைக் கூப்பிட்டுக் கணினிகளுக்குத் தனி வயர் இழுத்து, தனி பிரேக்கர் போட்டோம். யூ.பி.எஸ். நல்லது, இன்றும் அதுதான் இருக்கிறது.

ஒரு நாள் மின்வெட்டுக்குப் பிறகு மடிக்கணினியில் 'சேர்வர் இல்லை' என்று வந்தது. எட்டுப் பேர் வாங்கில். ரவுட்டர் திரும்ப எழும்பியபோது கவுண்டர்க் கணினிக்கு வேறு ஐ.பி. முகவரி கொடுத்துவிட்டது, மடிக்கணினி பழைய முகவரியைத் தேடிக்கொண்டிருந்தது. ரவுட்டரில் அந்தக் கணினிக்கு ஒரே முகவரியை ஒதுக்கி வைத்தேன். அன்று மாமி அலுமாரியைத் திறந்து அன்றைய பட்டியலைக் கையில் எடுத்தார். காலையிலேயே அச்சடித்து வைத்திருந்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இப்போது தினமும் 3.30க்குப் பட்டியலை அச்சடிப்பது கிளினிக்கின் வழக்கம்.

எஸ்.எம்.எஸ். நினைவூட்டலுக்குத் தமிழ்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஆங்கிலச் செய்தியில் 160 எழுத்து போகும். தமிழ் யூனிகோடில் 70 தான், அதற்கு மேல் போனால் இரண்டு செய்தியாகக் கணக்கு. அதுவும் 'கி' என்பது ஒன்றல்ல, 'க' ஒன்று, இகரக் குறி ஒன்று. புள்ளியும் ஒன்று. 'கிளினிக்' என்ற சொல்லுக்கே எட்டுப் போய்விடும். நான்கு நாள் வெட்டி ஒட்டி இப்படி வந்தது:

நாளை மாலை 5.15க்கு பல் கிளினிக் வரவும். வர முடியாவிட்டால் சொல்லவும்.

எண்ணிப் பார்த்தால் 68. ஞாயிறு வருகிறவர்களுக்கு 'நாளை காலை 10.15' என்று மாற்றினாலும் 69. பெயரும் போடவில்லை, என்ன சிகிச்சை என்றும் போடவில்லை. போன் யார் கையில் இருக்கும் என்று தெரியாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனி வகையாகப் பாதுகாக்கச் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் மட்டக்களப்பு சின்ன ஊர். இதே காரணத்துக்காகத்தான் கவுண்டர்த் திரையை வாங்கிலிருந்து தெரியாதபடி திருப்பினோம், அக்காவுக்கும் மாமிக்கும் எனக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வைத்தோம்.

காப்புப் பிரதி விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. இரவு 8.30க்குத் தரவுத்தளம் தானாகவே ஒரு யூ.எஸ்.பி. டிரைவில் போகும்படி வைத்திருந்தேன். இரண்டு டிரைவ், மாறி மாறி, ஒன்று எப்போதும் வீட்டில். நான்கு மாதம் நிம்மதியாக இருந்தேன். ஆடியில் ஒரு ஞாயிறு, வீட்டுக் கணினியில் அந்தப் பிரதியை மீட்டுப் பார்த்தேன். பெயர் வந்தது, வரைபடம் வந்தது, பாக்கி வந்தது. எக்ஸ்ரே படத்தைத் திறந்தால் வெறும் சாம்பல் பெட்டி. படங்கள் தரவுத்தளத்துக்குள் இல்லை, தனியாக ஒரு கோப்புறையில் இருக்கின்றன. தரவுத்தளத்தில் அவற்றின் விலாசம் மட்டும்தான். நான்கு மாதத்து எக்ஸ்ரேக்களுக்குப் பிரதியே இல்லாமல் ஓடியிருக்கிறோம். அன்றைக்கே கோப்புறையையும் சேர்த்தேன். இப்போது மாதத்தில் முதல் ஞாயிறு மீட்டுப் பார்க்கும் நாள், ஏதாவது மூன்று பேருடைய எக்ஸ்ரேயைத் திறந்து பார்க்காமல் முடிப்பதில்லை. மாரிக்கு முன் கணினியை நிலத்திலிருந்து எடுத்துச் சுவர்த் தட்டில் வைத்தாகிவிட்டது.

சரி, எதற்காக இதைத் தொடங்கினோமோ அதற்கு வருகிறேன்.

மென்பொருளில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் 'திட்டமிட்டது', 'முடிந்தது' என்று இரண்டு நிலைதான் இருந்தன. வேர்ச்சிகிச்சை மூன்று நான்கு வருகையில் முடிகிற வேலை. எழுதியவர்களிடம் கேட்டு 'பாதியில்' என்ற மூன்றாவது நிலையைச் சேர்த்துக்கொண்டோம். பாதியில் இருந்து, அடுத்த சந்திப்பும் இல்லாதவர் என்றால் பெயர் ஒரு பட்டியலில் வரும். எத்தனை நாள் ஆகிறது என்பதும் பக்கத்தில். இதே பட்டியலில் இன்னொரு வகையையும் அக்கா சேர்க்கச் சொன்னார். வெற்றிலை, புகையிலை போடுகிறவர்களின் வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ தடிப்பு, ஆறாத புண். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். இரண்டு கிழமையில் ஆறாத புண்ணைத் திரும்பப் பார்த்தே ஆக வேண்டும். அவர்கள் பல் நோவுக்கு வருவார்கள், பல்லைப் பிடுங்கியதும் போய்விடுவார்கள், புண் நோகாததால் திரும்பி வர மாட்டார்கள். அவர்களுக்குப் பதினான்காவது நாள் பெயர் சிவப்பாகும்.

முதல் தடவை பட்டியலை ஓட்டியபோது 41 பேர். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்தார். வாசித்து முடித்து, "இத்தனை பேரையும் நான் மறந்திருக்கனே மகன்" என்றார். மாமி மறக்கவில்லை என்று அக்கா சொன்னார். அவர்கள் வரவில்லை, வராத ஆளை யார்தான் ஞாபகம் வைத்திருப்பது.

எஸ்.எம்.எஸ். இந்தப் பட்டியலுக்கு வேலை செய்யாது. போன்தான். வியாழக்கிழமை 3 மணிக்கு மாமி வந்து ஒரு மணித்தியாலம் அழைப்பார். எப்படிப் பேசுவது என்று நாங்கள் எழுதிக் கொடுத்ததை அவர் தொடவே இல்லை. "அம்மாக்கு எப்படி, இப்ப நடக்கிறாவா?" என்று தொடங்கி, பிறகுதான் பல்லுக்கு வருவார். மிச்சக் காசு கையில் இல்லாததால் வராமல் இருந்தவர்கள் பலர் என்பது அந்த அழைப்புகளில்தான் தெரிந்தது. பாக்கியைத் தவணையாகக் கட்டலாம், முதலில் பல்லை முடிப்போம் என்று அக்கா சொல்லச் சொன்னார். அடுத்த கிழமையே ஒன்பது பேர் வந்தார்கள்.

சிவப்புப் பெயர்களில் ஒருவர் வவுணதீவுப் பக்கத்து விவசாயி. மூன்று தடவை போன் எடுத்தும் வயலில் இருந்தார். நான்காவது தடவை அவருடைய மகளிடம் மாமி பேசினார். மகளோடு வந்தார். கன்னத்தின் உட்புறத்தில் இருந்த தடிப்பு ஆறியிருக்கவில்லை. அக்கா கடிதம் எழுதிப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினார். போய்விட்டாரா என்று பார்க்க அந்த வரியைப் பட்டியலிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தோம். சதைத்துண்டு எடுத்துச் சோதித்தார்கள், புற்றுநோய் இல்லை, வெற்றிலையை விட்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று மகள் வந்து சொன்னபோதுதான் நிறத்தை மாற்றினோம்.

நேற்று வியாழன். பட்டியலில் 12 பேர். ஏழு பேருக்கு மாமி போன் எடுத்தார், ஐந்து பேருக்கு நேரம் கொடுத்தாயிற்று. ஒருவர் வெளிநாடு போய்விட்டார். மற்றவருடைய நம்பர் வேலை செய்யவில்லை, வெல்லாவெளி. அடுத்த கிழமை அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் தையல் வெட்ட வருகிறார், அவரிடம் சொல்லி அனுப்புகிறேன் என்று மாமி பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் தானே தமிழில் அடித்து வைத்திருக்கிறார்.